வேர்ட் சர்ச் தீர்க்கிற ப்ரோக்ராம்: லூப் போதுமா, ட்ரை கட்டணுமா?

எழுத்துக் கட்டங்களுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற சொல்லைத் தேடற வேர்ட் சர்ச் புதிருக்கு சால்வர் (தானே தீர்க்கிற ப்ரோக்ராம்) எழுதணும், எந்த முறை நல்லதுன்னு யார்கிட்ட கேட்டாலும் பதில் ரெண்டு கட்சியா பிரியும். ஒரு கட்சி "நாலு லூப் போடுப்பா, முடிஞ்சுது"ன்னு சொல்லும், இன்னொரு கட்சி ட்ரை (சொற்களை மரமா அடுக்கறது), ஆஹோ-கொராசிக் (அதுக்கும் மேல ஒரு தேடல் முறை)னு ஆரம்பிச்சு பயமுறுத்தும், கேட்டவர் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு கடைசியில எதையுமே எழுதாம விட்டுடுவார். அதனால நாலு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துடலாம். என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன், இந்த சைஸ் கணக்குக்கு வேகத்தை வச்சு முடிவு பண்றது வேஸ்ட், எந்த வழியில பக் (ப்ரோக்ராம்ல வர்ற தப்பு) எங்க ஒளிஞ்சிருக்குங்கிறதுதான் பாக்கணும்.

தேட ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு எச்சரிக்கை. இணையத்துல "வேர்ட் சர்ச்"னு தேடினா முதல்ல வர்றது ப்ரோக்ராமிங் பயிற்சித் தளமான லீட்கோட்டோட 79ஆம் கணக்கும் 212ஆம் கணக்கும்தான். அது ரெண்டும் வேற விளையாட்டு. அதுல எழுத்துக்கு எழுத்து பக்கத்துக் கட்டத்துக்கு வளைஞ்சு வளைஞ்சு போகலாம், ஆனா குறுக்கா (மூலைவாக்குல) போகக்கூடாது. பத்திரிகையில குழந்தைங்க பக்கத்துல வர்ற புதிர்ல சொல் நேர்கோட்டுலதான் இருக்கும், ஆனா எட்டு திசையிலும் இருக்கலாம். அந்த விடையை காப்பி பண்ணி இந்தப் புதிருக்கு ஓட்டினா இல்லாத சொல்லெல்லாம் "இருக்கு"ன்னு வரும், குறுக்கா இருக்கிற சொல் எதுவும் வராது.

## எதை வச்சு முடிவு பண்றது

முதல் கேள்வி, தேட வேண்டிய சொல் லிஸ்ட் கையில இருக்கா, இல்ல "இதுல எத்தனை சொல் இருக்குன்னு கண்டுபிடி" வகையா? இது ஒண்ணுதான் உண்மையிலேயே வழியை மாத்தும். ரெண்டாவது கிரிட், அதாவது மொத்தக் கட்டப் பலகை, எவ்ளோ பெருசு. மூணாவது விடையா என்ன வேணும், "இருக்கு / இல்லை" போதுமா, இல்ல எந்தக் கட்டத்துல ஆரம்பிச்சு எந்தப் பக்கம் போகுதுன்னு வட்டம் போட்டுக் காட்டணுமா. நாலாவது, நாளைக்கு விதி மாறினா (சொல் வளையலாம், எக்ஸ் மாதிரி குறுக்கே வெட்டணும், இப்படி) ப்ரோக்ராம் தாங்குமா.

அஞ்சாவது தமிழா இங்கிலீஷா. இதை கடைசியில சொன்னாலும் நேரம் அதிகமா முழுங்கறது இதுதான், அதனால வழிகளுக்கு முன்னாடி இதை முடிச்சுடுவோம்.

## எல்லா வழிக்கும் பொதுவான செலவு: எழுத்தைப் பிரிக்கிறது

பைத்தான்ல "தமிழ்"னு குடுத்து நீளம் கேட்டா 5னு சொல்லும். நமக்கு மூணு எழுத்து. கம்ப்யூட்டர் கண்ணுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ஆக அஞ்சு. இதை அப்படியே திருப்பிப் போட்டா என்ன ஆகும்னு பாருங்க: புள்ளி முன்னாடி வந்து அந்தரத்துல தொங்கும், அடுத்து ழ, அதுக்குப் பின்னாடி இகரக் குறி வந்து ஒட்டி "ழி" ஆயிடும், அப்புறம் ம, த. நமக்கு வேண்டியது ழ், மி, த. குறியோ புள்ளியோ இருக்கிற சொல் வலமிருந்து இடமா எழுதியிருந்தா ஒண்ணுகூட கிடைக்காது.

இது உடனே தெரியுற தப்பு, பரவாயில்லை. தெரியாத தப்பு ஒண்ணு இருக்கு. வரிசையை ஒரே ஸ்ட்ரிங்கா (எழுத்துச் சரமா) வச்சு "பட"ன்னு தேடினா "படி"க்குள்ளயும் கிடைச்சுடும், ஏன்னா "படி"ங்கிறது ப, ட, இகரக் குறி, முதல் ரெண்டும் பொருந்திடுச்சு. அதே மாதிரி "பல"ன்னு தேடினா "பல்"லும் மாட்டும். இதுல மோசம் என்னன்னா தமிழ்ப் பெயர்ச்சொல் பெரும்பாலும் அகரத்துல முடியறதில்லை, மரம், பூனை, யானை, கல்னு டெஸ்ட் பண்ணிட்டே இருந்தா எல்லாமே சரியா வரும், ஒரு நாள் யாரோ "நல்ல", "சில"ன்னு லிஸ்ட்ல போட்டப்போதான் வெடிக்கும்.

இன்னொண்ணு, "கொ"வை ரெண்டு விதமா சேமிக்க முடியும். க-வும் ஒற்றை ஒகரக் குறியும், இல்லைன்னா க, எகரக் கொம்பு, துணைக்கால்னு மூணா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஒப்பிட்டா சமம் இல்லைன்னு வரும். ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்தற யூனிகோட் நார்மலைஸ் ஃபங்ஷன் பெரும்பாலான ப்ரோக்ராமிங் மொழிகள்ல கிடைக்கும், கிரிட்டையும் லிஸ்டையும் உள்ள வாங்கும்போதே அதுல ஒரு தடவை போட்டு எடுத்துடுங்க. ஆனா யாராவது "கௌ" அடிக்கிறதுக்கு கொம்பு போட்டு பக்கத்துல நிஜ "ள" அடிச்சிருந்தா எந்த நார்மலைசும் காப்பாத்தாது, கண்ணால பாத்துத்தான் திருத்தணும்.

பிரிக்கிறதுக்கு ஓப்பன்-தமிழ் லைப்ரரி இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட்ல இப்போ செக்மென்ட்டர் உள்ளயே வருது, ஸ்விஃப்ட்ல கேக்கவே வேண்டாம், "தமிழ்" நீளம் 3னு அதுவே சொல்லிடும். நீங்களே எழுதினாலும் பத்து வரிதான்: ஒவ்வொரு குறியீட்டையும் பாருங்க, அதோட எண் 3006லேருந்து 3021க்குள்ள இருந்தாலோ 3031ஆ இருந்தாலோ முந்தின எழுத்தோட ஒட்டுங்க, இல்லைன்னா புது எழுத்து. "க்ஷ", "ஸ்ரீ" ரெண்டை மட்டும் ஒரே கட்டமா எண்ணறதா ரெண்டா எண்ணறதான்னு நீங்கதான் சொல்லணும், புதிர் போட்டவர் எப்படி கட்டத்துல போட்டிருக்காரோ அதுதான் விதி.

பிரிச்ச பிறகு எனக்குப் பிடிச்ச ஒரு தந்திரம். யூனிகோட்ல சொந்த உபயோகத்துக்குன்னு 6,400 இடம் காலியா விட்டிருக்காங்க. தமிழ் எழுத்து 247, கிரந்தம் எல்லாம் சேர்த்தாலும் 350-ஐத் தாண்டாது. ஒவ்வொரு எழுத்துக்கும் அதுல ஒரு இடம் குடுத்து மாத்திட்டா "மி"ங்கிறது ஒரே குறியீடு ஆயிடும், அப்புறம் ரிவர்ஸ், ஃபைண்ட், ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன் (ஒரு மாதிரி வடிவம் குடுத்துத் தேடறது) எல்லாமே இங்கிலீஷ் மாதிரி வேலை செய்யும். விடை காட்டும்போது திரும்ப மாத்திக்கலாம்.

## வழி 1: நேரடியா லூப்

ஒவ்வொரு கட்டமா போ, சொல்லோட முதல் எழுத்து இருந்தா எட்டு திசையிலும் நடந்து பாரு, முழுசா பொருந்தினா குறிச்சுக்கோ. அவ்ளோதான்.

இது மெதுவா இருக்கும்னு ஒரு பயம் பரவியிருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க, 15க்கு 15 கிரிட்ல 225 கட்டம், எட்டு திசை, ஆக 1,800 தொடக்கம். 20 சொல்லுன்னா 36,000. அதுலயும் பெரும்பாலானது முதல் எழுத்துலயே கழண்டுடும். என்டர் தட்டி விரலை எடுக்கறதுக்குள்ள விடை வந்துடும், பழைய லேப்டாப்பா இருந்தாலும்.

மறைஞ்சிருக்கிற செலவு எல்லை தாண்டுறதுல. பைத்தான்ல மைனஸ் ஒண்ணாவது இடம்னு கேட்டா கடைசி இடத்தை எடுத்துக் குடுக்கும். அதனால இடது ஓரத்துல இடப்பக்கமா நடக்கிற சொல் ஓரத்தைத் தாண்டி வலது ஓரத்துல போய் முளைக்கும், எந்த எரரும் வராது, இல்லாத சொல்லை "இருக்கு"ன்னு சத்தமில்லாம சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட்ல அந்த இடத்துல எதுவும் கிடைக்காது, மேல் ஓரத்தைத் தாண்டினா ப்ரோக்ராமே நின்னுடும், அது எவ்ளோவோ மேல்.

தடுக்கிறதுக்கு அழகான வழி ஒண்ணு: கிரிட்டை ஒரே நீளமான லிஸ்டா ஆக்கி ஒவ்வொரு வரிசை முடிவுலயும் ஒரு வெத்துக் குறி வைங்க. 15 அகலம் 16 ஆயிடும். இப்போ வலப்பக்கம் போக 1 கூட்டணும், கீழே போக 16, வலது கீழ் மூலைக்கு 17, இடது கீழ் மூலைக்கு 15. மத்த நாலு திசைக்கும் அதே எண்ணைக் கழிக்கணும். எந்த ஓரத்தைத் தாண்டினாலும் வெத்துக் குறியில முட்டி நிக்கும், மேலயும் கீழயும் மட்டும் லிஸ்ட்டோட எல்லைக்குள்ள இருக்கோமான்னு ஒரு செக் போதும். திசைங்கிறது ஒரே ஒரு எண்ணா சுருங்கிடறதால ப்ரோக்ராமும் படிக்க நல்லா இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ரெண்டு பக்கமும் ஒண்ணா படிக்கிற சொல் ரெண்டு தடவை மாட்டும். இங்கிலீஷ்ல இது அபூர்வம், தமிழ்ல விகடகவி மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. உறவுமுறைன்னு தலைப்பு வச்சு ஒரு புதிர் போட்டா மாமா, தாத்தா, பாப்பா எல்லாமே அந்த வகைதான். ஒரே கட்டங்கள் மேல ரெண்டு விடை வந்தா ஒண்ணாக்கிடணும். ஆனா முதல் விடை கிடைச்சதும் நிறுத்துறதை நான் விரும்பறதில்லை, புதிர் போட்டவர் தெரியாம ஒரே சொல் ரெண்டு இடத்துல விழுந்திருந்தா அதுவும் தெரியட்டும்.

இதை எடுக்க வேண்டியவங்க: லிஸ்ட் கையில இருக்கு, பத்திரிகை சைஸ் கிரிட், விடையை வட்டம் போட்டுக் காட்டணும். பள்ளிப் பசங்களுக்கு சொல்லித்தர்றதுன்னாலும் இதுதான், ஒவ்வொரு வரியும் நம்ம கண்ணு எப்படித் தேடுமோ அதே மாதிரி இருக்கும்.

## வழி 2: கோடு கோடா உருவி ஸ்ட்ரிங்ல தேடறது

எல்லா வரிசை, எல்லா நெட்டு, ரெண்டு பக்க மூலைக்கோடு, எல்லாத்தையும் தனித்தனி ஸ்ட்ரிங்கா எடுத்துடறது. 15க்கு 15ன்னா 15 வரிசை, 15 நெட்டு, ஒரு பக்க மூலைக்கோடு 29, மறுபக்கம் 29, மொத்தம் 88 கோடு. கோட்டைத் திருப்பறதுக்குப் பதிலா சொல்லைத் திருப்பித் தேடலாம். மொழியில ஏற்கெனவே இருக்கிற ஃபைண்ட் வேகமானது, ப்ரோக்ராமும் குட்டியா இருக்கும்.

ஆனா மூலைக்கோட்டுல ஏழாவது எழுத்துல கிடைச்சுதுன்னா அது கிரிட்ல எந்தக் கட்டம்? அந்தத் திரும்பக் கணக்குப் போடறதுலதான் நிறைய பேர் ஒண்ணு கூட ஒண்ணு குறையன்னு மாட்டிக்கிறாங்க. சுலபமான மாற்று, எழுத்தோட சேர்த்து அதோட இடத்தையும் இன்னொரு லிஸ்ட்ல உருவி வச்சுக்கிறது. அப்படிப் பண்ணா வழி 1-ஐ விட ப்ரோக்ராம் சின்னதுங்கிற ஒரே லாபமும் போயிடுது பாருங்க.

ஒண்ணு மேல ஒண்ணு ஏறின சொல்லும் பிரச்சனை. ஒரு வரிசையில பா, ப், பா, ப், பான்னு இருந்தா "பாப்பா" ரெண்டு தடவை இருக்கு, நடுவுல இருக்கிற பா ரெண்டுக்கும் பொது. ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன்ல "எல்லாத்தையும் எடு"ன்னா ஒண்ணுதான் குடுக்கும், முதல் பாப்பாவை முழுங்கிட்டு அடுத்த எழுத்துலேருந்துதான் தேடும். எண்ணிக்கை கேக்கிற கணக்குல இது ஆளைக் கவுத்துடும். அட்வென்ட் ஆஃப் கோட்ங்கிற ப்ரோக்ராமிங் புதிர்த் தொடர்ல 2024ஓட நாலாம் நாள் கணக்கு இப்படித்தான், எக்ஸ்மாஸ் (XMAS)ங்கிற நாலு எழுத்து எட்டு திசையிலும் எத்தனை தடவை இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாலும் எண்ணணும்னு இருந்துது. அதோட ரெண்டாம் பகுதி இன்னும் வேடிக்கை, ரெண்டு மாஸ் (MAS) எக்ஸ் வடிவத்துல வெட்டிக்கிற இடத்தை எண்ணச் சொன்னாங்க. கோடா உருவினவங்க திரும்ப கட்டத்தோட இடத்தைத் தேடிப் போகணும், வழி 1 எழுதினவங்களுக்கு நாலு மூலையைப் பாக்கிற ஒரு கண்டிஷன்.

இதை எடுக்க வேண்டியவங்க: "இருக்கா இல்லையா" மட்டும் போதும், ஒரு தடவை ஓட்டிட்டுத் தூக்கிப் போடற ஸ்கிரிப்ட். தமிழ்னா மேல சொன்ன 6,400 இடத் தந்திரம் இல்லாம இந்தப் பக்கமே வராதீங்க.

## வழி 3: அகராதியை செட்ல போட்டு, துண்டு துண்டா கேக்கறது

இது லிஸ்ட் இல்லாத புதிருக்கு. ஒரு பெரிய சொல் பட்டியலை செட்ல (ஒரு சொல் உள்ள இருக்கா இல்லையான்னு சட்டுனு சொல்ற அமைப்பு) ஏத்திடுங்க, கிரிட்ல இருந்து எடுக்க முடிஞ்ச ஒவ்வொரு நேர்கோட்டுத் துண்டையும் எடுத்து "இது சொல்லா?"ன்னு கேளுங்க.

கேட்டாலே கோடிக்கணக்குல போகும்னு தோணும். போகாது. 15க்கு 15 கிரிட்ல ரெண்டு எழுத்தோ அதுக்கு மேலயோ இருக்கிற துண்டு வரிசைகள்ல 1,575, நெட்டுல 1,575, மூலைக்கோடுகள்ல 2,030, ரெண்டு பக்கமும் படிச்சா மொத்தம் 10,360. பத்தாயிரத்துச் சொச்சம் கேள்வி! அகராதியில லட்சம் சொல் இருந்தாலும் ஒரு கேள்விக்கு ஆகிற நேரம் ஏறக்குறைய அதேதான். "அகராதின்னா ட்ரை கட்டியே ஆகணும்"னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

இதோட செலவு நேரத்துல இல்ல, குப்பையில. சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் மாதிரி லட்சத்துக்கு மேல சொல் இருக்கிற பட்டியலை ஏத்தினா யாரும் கேள்விப்படாத பழைய சொல்லெல்லாம் கிரிட் முழுக்க மினுக்கும். ஒரு எழுத்தையும் அனுமதிச்சீங்கன்னா நன்னூல் சொல்ற 42 ஓரெழுத்து ஒருமொழியும், ஈ, கை, தீ, பூ, மா எல்லாம், எங்க பாத்தாலும் வரும். குறைஞ்சது மூணு எழுத்துன்னு வச்சா ஓரளவு அடங்கும், நாலுன்னா நிம்மதி, ஆனா "மரம்" போயிடும். மறுபக்கம், "மரத்தில்", "வந்தான்" மாதிரி விகுதி ஏறின சொல் அகராதித் தலைச்சொல்லுல இருக்காது. எல்லாத்தையும் விரிச்சு ஏத்தப் பாத்தா பட்டியல் பல மடங்கு வீங்கும், அதோட குப்பையும்.

இதை எடுக்க வேண்டியவங்க: லிஸ்ட் இல்லாத புதிர், இல்லைன்னா நீங்களே புதிர் போடறவர், காலிக் கட்டத்தை ஏதோ எழுத்தால நிரப்பும்போது வேண்டாத கெட்ட வார்த்தை எதுவும் தற்செயலா விழுந்துடலையேன்னு பாக்கணும். இந்த ரெண்டாவது உபயோகத்துக்கு சின்னதா ஒரு தடைப் பட்டியல் போதும், பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஓட்டியே ஆகணும்.

## வழி 4: ட்ரை, ஆஹோ-கொராசிக்

ட்ரைங்கிறது சொற்களை எழுத்து எழுத்தா கிளை விட்ட மரமா அடுக்கறது. ஒரு கட்டத்துல ஆரம்பிச்சு நடக்கும்போதே "இப்படி ஆரம்பிக்கிற சொல்லே இல்லை"ன்னு மூணாவது எழுத்துலயே தெரிஞ்சு திரும்பிடலாம். ஆஹோவும் கொராசிக்கும் 1975ல பெல் லேப்ஸ்லேருந்து வெளியிட்டது அதுக்கும் ஒரு படி மேல, கோட்டை ஒரே தடவை படிச்சு எல்லாச் சொல்லையும் ஒண்ணா பிடிச்சுடும், யூனிக்ஸோட எஃப்க்ரெப்ங்கிற தேடல் கட்டளை அதை வச்சுத்தான் வந்தது.

எப்போ நியாயம்? கிரிட் 1,000க்கு 1,000, அகராதி லட்சம். சொல் நீளம் அதிகபட்சம் 15 எழுத்துன்னாலும் துண்டு கிட்டத்தட்ட 11 கோடி, செட்ல போட்டா பைத்தான் மூச்சு வாங்கும், ட்ரை முளையிலேயே கிள்ளிடும். அப்புறம் சொல் வளைஞ்சு போகிற பாகிள் வகை விளையாட்டு, அங்க பாதை எண்ணிக்கை வெடிச்சுப் போகும், ட்ரை இல்லாம ஆகாது. இன்டர்வியூவுக்கு தயார் பண்றவங்களும் எழுதிப் பழகலாம், கேப்பாங்க.

மத்தபடி பைத்தானோட டிக்ஷனரிங்கிற டேட்டா அமைப்பை ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சு லட்சம் சொல்லை அடுக்கினா மெமரி நல்லா இழுக்கும், மரம் கட்டற நேரமே தேடற நேரத்தை விட அதிகமாகும், தப்பு வந்தா எந்தக் கிளையில வந்ததுன்னு பாக்கறது கடுப்பு. 20 சொல், 225 கட்டத்துக்கு இதைக் கட்டறது எனக்குப் புரியல.

## ஒரே பார்வையில

| | வழி 1: லூப் | வழி 2: கோடு உருவல் | வழி 3: செட் | வழி 4: ட்ரை |
|---|---|---|---|---|
| சொல் லிஸ்ட் இருந்தா | சரியா பொருந்தும் | பொருந்தும் | ஓடும், தேவையில்லை | ஓடும், தேவையில்லை |
| லிஸ்ட் இல்லைன்னா | ஆகாது | ஆகாது | இதான் | பெரிய கிரிட்னா இதான் |
| எழுத ஆகிற உழைப்பு | கம்மி | ரொம்பக் கம்மி, இடம் காட்டணும்னா கூடும் | கம்மி | அதிகம் |
| பக் ஒளியிற இடம் | ஓரம் தாண்டறது | மூலைக்கோடு, ஏறின சொல் | வேண்டாத சொற்கள் | மரம் கட்டறதுலயே |
| தமிழ் எழுத்துச் சிக்கல் | பிரிச்சா போதும் | பிரிச்சு, மாத்தவும் வேணும் | பிரிச்சா போதும் | பிரிச்சா போதும் |
| விதி மாறினா | தாங்கும் | தாங்காது | சுமார் | வளைஞ்ச பாதைக்கும் தாங்கும் |

## கிரிட் எப்படி உள்ள வருது

இதை யாரும் ஒப்பிடறதே இல்ல, ஆனா அச்சுப் புதிர்னா ஓடற நேரத்தை விட ஏத்தற நேரம்தான் பெருசு.

கையால டைப் பண்றது அலுப்புதான், ஆனா நம்பலாம். எழுத்துக்கு நடுவுல ஒரு இடைவெளி விட்டு அடிச்சா பிரிக்கிற வேலையே பாதி மிச்சம், இடைவெளியில வெட்டினா போதும், "க்ஷ" ஒரே கட்டமான்னு யோசிக்கவும் வேண்டாம், நார்மலைஸ் மட்டும் மறக்காதீங்க.

டெசராக்ட் மாதிரி ஓசிஆர்ல (படத்துல இருக்கிற எழுத்தைப் படிக்கிற மென்பொருள்) முழு கிரிட்டையும் ஒரே படமா குடுத்தா சொல் வரிசைன்னு நினைச்சு ஒட்டிப் படிக்கும், "கொ" மாதிரி மூணு துண்டா அகலமா இருக்கிற எழுத்து உடையும், துணைக்காலும் "ர"வும் குழம்பும். கட்டம் கட்டமா வெட்டி, ஒரே எழுத்துதான் இருக்குன்னு சொல்ற 10ஆம் மோட்ல குடுத்தா கொஞ்சம் தேறும். அதையும் ஒரு தடவை கண்ணால ஓட்டணும், அப்போ நேரம் எங்க மிச்சம்னு கேட்டா, ஒரே மாதிரி அச்சுல இருக்கிற முப்பது நாப்பது புதிர் கையில இருந்தாதான் மிச்சம். ஒண்ணு ரெண்டுக்கு டைப் அடிச்சிடுங்க.

ஃபோட்டோ எடுத்து ஏஐ சாட்கிட்ட "தீர்த்துக் குடு"ன்னு கேக்கிறது அஞ்சாவது வழி மாதிரி தெரியும். ப்ரோக்ராம் எழுதித் தரச் சொன்னா நல்லாத்தான் எழுதும், ஆனா விடையை நேரா கேட்டா "ஆறாவது வரிசை, மூணாவது கட்டம்"னு உறுதியா சொல்லும், போய்ப் பாத்தா அங்க வேற எழுத்து இருக்கலாம், அதைச் சரிபார்க்கவே வழி 1 வேணும்.

எந்த முறையில ஏத்தினாலும் தேட ஆரம்பிக்கும் முன்னாடி ப்ரோக்ராம் ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை எழுத்துன்னு எண்ணட்டும். 15க்குப் பதிலா 14 இருந்தா வரிசை எண்ணைச் சொல்லி அங்கேயே நிக்கட்டும், ஏன்னா ஒரு எழுத்து விட்டுப்போன வரிசையில நேர்ச்சொல் எல்லாம் ஒழுங்கா கிடைக்கும், அதுக்குக் குறுக்கே போகிற நெட்டும் மூலைக்கோடும் மட்டும்தான் ஒரு கட்டம் நகர்ந்து காணாமப் போகும், நீங்க அல்காரிதம்ல தப்பைத் தேடிக்கிட்டு இருப்பீங்க.